கொன்றைக்காக எழுதிய புகார்

சந்தேகம் எனக்குச் சம்பளத்தோடு வந்தது. போர்ட் பிளேர் துறைமுகத்தின் பயணிகள் கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்து, கப்பலேறுகிறவர்களின் டிக்கெட்டையும் தீவு அட்டையையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தவன் நான். தீவுக்காரர்களுக்கு ஒரு கட்டணம், மேன்லேண்டிலிருந்து வருகிறவர்களுக்கு வேறு கட்டணம். அதனால் அண்ணன் அட்டையில் தம்பி வருவான், செத்துப்போன மாமாவின் அட்டையில் மருமகன் வருவான். வரிசையில் நிற்கும்போதே கண்டுபிடித்துவிடுவார் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டுச் சால்வை போர்த்தி, அடையாள அட்டை, சீருடை, பூட்டுச் சாவி எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். சந்தேகத்தை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அது என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

வீடு குட்வில் எஸ்டேட்டில், மேட்டுச் சரிவில். வீடுகள் படிக்கட்டுபோல் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறிப்போகும் இடம். மே மாதக் கடைசியில் தென்மேற்குக் காற்று ஆரம்பித்தால் முதலில் எங்கள் வாசலைத்தான் விசாரிக்கும். வீடு கட்டி முடித்த வருஷம் வாசலில் என்ன மரம் வைப்பது என்று பேச்சு வந்தது. முருங்கை என்றேன் நான், காயும் கீரையும் கிடைக்கும். என் மனைவி கொன்றை என்றாள். அது எதற்கு ஆகும் என்று கேட்டேன். பார்ப்பதற்கு ஆகும் என்றாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு கப்பலேறி வந்தவள். இத்தனை வருஷத்தில் அது வேண்டும் இது வேண்டும் என்று என்னிடம் கேட்டது விரல் விட்டு எண்ணக்கூடியது. நர்சரியிலிருந்து இடுப்புயரக் கன்று ஒன்று வாங்கிவந்து மதிலோரமாக நட்டோம்.

மூன்றாம் வருஷம் ஒரு புயல் தீவை உரசிக்கொண்டு போனது. விடிந்து பார்த்தால் கொன்றை மதில்மேல் சாய்ந்து கிடந்தது. வேர் முழுதாகப் பிடுங்கியிருக்கவில்லை. நிமிர்த்தி, மண் அணைத்து மிதித்து, மூன்று பக்கமும் இரும்பு ஆங்கிள் அடித்து இழுத்துக் கட்டினேன். கட்டுகிற விஷயத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கப்பலைக் கரையில் கட்டுகிறவர்களோடு அத்தனை வருஷம் டீ குடித்திருக்கிறேன். கயிறும் சாதாரணக் கயிறல்ல. கப்பலில் கழித்துப்போட்ட நீல நைலான், விரல் பருமன், கத்திக்கே லேசில் மசியாது. நெஞ்சுயரத்தில் சாக்குத்துணி வைத்து, அதன்மேல் மூன்று சுற்றுச் சுற்றி, கப்பல்காரர்கள் போடுகிற முடிச்சைப் போட்டேன். அந்த வளையத்திலிருந்து ஆங்கிளுக்கு மூன்று கயிறுகள். கப்பல் புறப்பட்டாலும் என் மரம் புறப்படாது என்று மனைவியிடம் பெருமையடித்தது நினைவிருக்கிறது.

மரம் தானாக நிற்க ஆரம்பித்ததும் மூன்று கயிறுகளையும் அவிழ்த்துச் சுருட்டி வைத்தேன். தண்டைச் சுற்றிய வளையத்தை மட்டும் விட்டுவைத்தேன். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால், வளையத்தில் கயிறுகளைக் கோத்து ஐந்து நிமிஷத்தில் மரத்தைக் கட்டிவிடலாம். காற்று போனதும் அவிழ்த்துவிடலாம். மே மாதமும் நவம்பரும் இதுவே எனக்கு வழக்கமாயிற்று. மற்றவர்கள் தகரக் கூரைமேல் மண்மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கும்போது நான் கொன்றையைக் கட்டிக்கொண்டிருப்பேன். வளையம் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று என் மனைவி மரத்தடியில் மணிபிளான்ட் வைத்தாள். அது ஒரே மழையில் மேலேறித் தண்டைப் போர்வைபோல் மூடிக்கொண்டது.

பக்கத்து மனையில் தகரம் போட்ட வரிசை வீடுகள், எல்லாம் வாடகைக்கு. மதிலை ஒட்டிய வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, படிக்கிற பெண் ஒருத்தி. அவருக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. அப்பா அம்மா இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து இந்தத் தீவுகளில் தோட்ட வேலையில் அமர்த்தப்பட்டவர்கள். இவர் லிட்டில் அந்தமானின் ஹட் பேயில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து, அந்த வேலை நின்றுபோனதும் இங்கே வந்து ஓர் அரசுத் தோட்டத்தில் தினக்கூலி மஸ்தூராகச் சேர்ந்தவர். பாத்தி வெட்டுவது, வேலிச்செடி கத்தரிப்பது, பதியம் போடுவது. பதினாறு வருஷமாகத் தினக்கூலி. அடுத்த லிஸ்ட்டில் பெர்மனன்ட் ஆகிவிடும் என்று அவர் மனைவி என் மனைவியிடம் மதிலோரம் நின்று அடிக்கடி சொல்வாள். அந்த லிஸ்ட்டை நம்பித்தான் மகளை மேன்லேண்டில் நர்சிங் படிக்க வைக்கப் போகிறார்கள் என்றும் சொன்னாளாம்.

அவர் என்னை அண்ணே என்று கூப்பிட்டார். வந்த முதல் நாளே. எனக்கு அதுவே சந்தேகமாக இருந்தது. வரிசையில் நிற்கும்போது அண்ணே என்று ஆரம்பிக்கிறவன் கையில்தான் வேறு ஒருவனுடைய அட்டை இருக்கும்.

காரணமில்லாமல் சந்தேகப்படுகிறவன் அல்ல நான். இங்கே குழாயில் தண்ணீர் தினமும் வராது. மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்தால்தான் வேலை நடக்கும். என் கொன்றையின் இரண்டு கொம்புகள் அவருடைய தகரத்துக்கு மேலே நீண்டிருந்தன. இலை உதிர்ந்து கூரையோரத் தகர ஓடையை அடைக்கும், டிரம் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும். முழ நீளத்துக் காய்கள் தகரத்தில் விழுந்தால் யாரோ கம்பால் அடித்ததுபோல் சத்தம் கேட்கும். அந்த மரம் இல்லாமல் போனால் அவருக்கு லாபம். அது முதல் விஷயம். இரண்டாவது, சொந்த வீட்டு மரமானாலும் வெட்டுவதற்கு அனுமதி, மனு, அளவெடுப்பு என்று அலைய வேண்டும், காற்றில் விழுந்துவிட்டால் யாரையும் கேட்க வேண்டாம் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த பேச்சு. வேண்டாத மரத்துக்குக் காற்று வரட்டும் என்று காத்திருக்கிறவர்களும் உண்டு, காற்றுக்கு ஒரு கை கொடுக்கிறவர்களும் உண்டு.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு நான் இருக்கையில், அந்த வருஷ மே மாதம் கூண்டு ஏற்றினார்கள். நான் வளையத்தில் கயிறுகளைக் கோத்து இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் மதிலுக்கு அந்தப்பக்கம் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, கயித்தக் கொஞ்சம் எளக்கி விடுங்க. இம்புட்டு இறுக்கினா மரத்துக்கு ஆகாது. உச்சியில ரெண்டு மூணு கொப்பக் கழிச்சி விட்டா காத்து ஊடால பூந்து போயிரும்."

எனக்கு உள்ளே மணி அடித்தது. கயிற்றை இளக்கச் சொல்கிறான். கொம்பையும் வெட்டச் சொல்கிறான், அதுவும் எந்தக் கொம்பு என்று கேட்டால் தன் கூரைமேல் இருப்பதைத்தான் காட்டுவான். அப்படியே செய்கிறேன் என்று சிரித்துவிட்டு, அவர் உள்ளே போனதும் ஒவ்வொரு கயிற்றையும் இன்னும் ஒரு பிடி இறுக்கினேன். அந்தக் காற்றில் மரம் இம்மியும் அசையவில்லை. மறுநாள் மதிலோரம் அவரைப் பார்த்தபோது, பார்த்தீரா என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தேன். அவர் மரத்தின் தண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் மணிபிளான்ட் அடர்த்தி இல்லை. அங்கிருந்து எதைப் பார்க்கிறார் என்று நான் யோசிக்கவில்லை, ஏன் பார்க்கிறார் என்றுதான் யோசித்தேன்.

அடுத்த ஏப்ரலில் கொன்றை பூத்தது. அதற்கு முந்தைய வருஷங்களில் நாலைந்து கொத்து வந்திருந்தது, அவ்வளவுதான். இந்த முறை இலை கண்ணில் படாத அளவுக்குப் பூ. தெருவில் போகிறவர்கள் நின்று போனில் படம் எடுத்தார்கள். என் மனைவி காலையில் காபித் தம்ளரோடு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவாள், உள்ளே பால் பொங்கினாலும் தெரியாது. கட்டிக் காப்பாற்றியதற்கு மரம் கொடுத்த சம்பளம் என்று நான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்துக்காரர் மட்டும் ஒரு நாள் அண்ணாந்து பார்த்துவிட்டு, இந்த வயசு மரம் இப்படிப் பூப்பது நல்லதுக்கில்லை என்று தன் மனைவியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. வயிற்றெரிச்சல் என்று எடுத்துக்கொண்டேன். அன்று மாலை என் மனைவியிடம் சொல்லி மரத்துக்குத் திருஷ்டி கழிக்கக்கூட வைத்தேன்.

மழை முடிகிற சமயத்தில் உச்சி இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. புதுத் தளிர் வந்தாலும் பாதி அளவில், சுருங்கி வந்தது. உரம் வைத்தேன், சாணம் கரைத்து ஊற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் ஒரு நாள் காலை மதிலின் அடியில் அவர் பக்கமாக வெள்ளையாக ஏதோ கோடு போட்டதுபோல் கிடப்பதைப் பார்த்தேன். குட்டை மதில்மேல் குனிந்து கை நீட்டி ஒரு சிட்டிகை எடுத்தேன். நாக்கில் வைத்துப் பார்த்தேன், அந்த அளவுக்கு வந்துவிட்டேன். உப்பு. கல்லுப்பு. கொன்றையின் வேர் மதிலுக்குக் கீழே அந்தப் பக்கம் போயிருக்கிறது என்பது யாருக்கும் தெரியும். மரத்தைச் சத்தமில்லாமல் கொல்ல வேண்டுமானால் வேரில் உப்பு வைப்பார்கள் என்பதும் தெரியும்.

இந்தத் தீவில் மழைக்காலத்தில் உள்ளங்கை அகலத்து ஆப்பிரிக்க நத்தைகள் படையெடுத்து வரும், ஒரே ராத்திரியில் கீரைப்பாத்தியை மொட்டையடித்துவிடும், அதற்காகப் பாதி ஊர் வாசலில் உப்புத் தூவுகிறது என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் தூவியிருக்கிறோம். அவர் மதிலோரம் பெயிண்ட் வாளிகளில் மிளகாயும் கீரையும் போட்டிருந்தார். இதெல்லாம் என் கண் முன்னால் இருந்தது. ஆனால் முடிவை முதலில் எடுத்துவிட்டவனுக்கு, முடிவுக்கு உதவாத விஷயம் எதுவும் கண்ணில் படாது.

என் மனைவிக்கு இதில் சம்மதமில்லை. "அவரு என்னத்துக்கு நம்ம மரத்தக் கெடுக்கப் போறாரு? ஒங்களுக்குப் பாக்கிறவுகல்லாம் கள்ள டிக்கெட்டுதான்" என்றாள். அவளுக்கு உலகம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவரோடு பேச்சை நிறுத்தினேன். அவர் மதிலோரம் வந்து அண்ணே என்று இழுத்தால் குழாயைத் திறந்துவிடுவேன், தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை என்கிற பாவனையில். ஒருமுறை கேட்டில் வந்து நின்றார். மரத்தைப் பத்தி ஒரு விஷயம் என்றார். மரத்தைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

பொங்கல் கழிந்ததும் தெருப்பக்கக் கொம்பு ஒன்று முழுதாகக் காய்ந்தது. அதற்கடுத்த வாரம் இன்னொன்று. என் மனைவி காபித் தம்ளரை உள்ளேயே வைத்துக் குடிக்க ஆரம்பித்தாள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் உட்கார்ந்து அவர் வேலை செய்யும் தோட்டத்தின் அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதினேன். உங்கள் தினக்கூலி இன்னார் என் வாசல் மரத்தை உப்பும் மருந்தும் வைத்துச் சாகடிக்கிறார், அந்த மருந்து அரசாங்கத் தோட்டத்திலிருந்து எடுத்துவந்ததாக இருக்கலாம், விசாரிக்க வேண்டும் என்று.

மருந்தை நான் பார்த்ததில்லை. உப்பை மட்டும் எழுதினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று மருந்தைச் சேர்த்தேன். ஜூன் லிஸ்ட்டுக்குப் பெயர்கள் சேர்க்கிற நேரம் என்பது தெரியுமா என்றால், தெரியும். தெரிந்துதான் அந்த வாரம் எழுதினேன். வேறு வாரம் எழுதியிருந்தால் அவருக்கு வலித்திருக்காது. இதை எழுதும்போது எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் இந்தக் கதையில் நான் வெறும் முட்டாளாக மட்டும் தெரிவேன். நான் அதைவிட மோசம்.

புகார் போய்ச் சேர்ந்த சில நாட்களில் அவர் வீட்டில் பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. அவர் மனைவி என் மனைவியைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். என்ன என்று என் மனைவி கேட்டாள். எனக்கென்ன தெரியும் என்றேன்.

மே மாதம் மூன்றாவது வாரம் காற்று வந்தது. பெரிய புயல்கூட இல்லை. கூண்டு ஏற்றவில்லை, நானும் கயிறு கோக்கவில்லை. பகல் பதினொரு மணிக்கு ஒரு வீச்சு வீசியது. வாசலில் கட்டில் முறிந்ததுபோல் ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்தால் கொன்றை என் கேட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடக்கிறது. வேரோடு சாயவில்லை. வேர் அப்படியே நிலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. நெஞ்சுயரத்தில் தண்டு ஒடிந்து, மேல்பாதி முழுக்க வெளியே விழுந்திருந்தது.

காற்று கொஞ்சம் தணிந்ததும் பக்கத்துக்காரர் கைரம்பத்தோடு வந்தார். கேட் அடைபட்டிருக்கிறது, அறுத்து ஒதுக்கலாம் என்று வந்திருக்கிறார். நான் அவரை வாசலிலேயே நிறுத்தினேன். ஒருபோதும் அவரை ஒருமையில் பேசியதில்லை. அன்று பேசினேன்.

"தொடாத. வந்த வேலதான் முடிஞ்சிட்டே. போ."

 அவர் ரம்பத்தோடு திரும்பிப் போனார். நான் அரிவாள் எடுத்துக் கொம்புகளைத் தறிக்க ஆரம்பித்தேன். என் மனைவி முறிந்து நின்ற அடிமரத்துப் பக்கம் போய், கிழிந்து தொங்கிய மணிபிளான்ட்டைப் பிடித்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் கை நின்றுவிட்டது.

"ஏங்க, இங்கன வாங்க" என்றாள்.

வளையம் எங்கே என்று முதலில் தெரியவில்லை. பட்டை அதை விழுங்கியிருந்தது. முறிவு சரியாக அந்த இடத்தில். கயிற்றுக்கு மேலே தண்டு குடம்போல் பருத்திருந்தது, கீழே மெலிந்திருந்தது, நடுவில் என் மூன்று சுற்று. வெளிமரம் சுற்றிலும் கறுத்துச் செத்து, நடுவில் ஒரு கையகலம்தான் புதிதாக வெளுத்துத் தெரிந்தது. இத்தனை நாளும் அந்தக் கையகலத்தில்தான் மரம் நின்றிருக்கிறது. பிளந்த பட்டைக்குள்ளிருந்து கயிற்றின் நீலம் எட்டிப்பார்த்தது. சாக்குத்துணி மக்கிப்போயிருந்தது. கயிறு மக்கவில்லை. முடிச்சும் நான் போட்டபடியே இருந்தது, ஓர் இழை நழுவவில்லை.

என் மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அந்தச் சத்தத்தில் கொஞ்சம் தப்பித்திருப்பேன். அவள் கயிற்றை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதத்தான் அவரு எளக்கச் சொன்னாரு" என்றாள். பிறகு, பக்கத்துக்காரர் தன் மனைவியிடம் சொல்லி அழுத அந்தப் புகார் என்ன என்று கேட்டாள். அவளுக்கு அதற்குள் விஷயம் தெரிந்திருக்கிறது, என் வாயால் வரட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். சொன்னேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை அந்த அலுவலகத்துக்குப் போனேன். புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். அங்கிருந்த கிளார்க் பாபு கோப்பை எடுத்தார். என் புகாருக்குக் கீழே இன்னொரு தாள் கோத்திருந்தது. அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள், அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஹிந்தியில், கட்டம் போட்ட நோட்டுத் தாளில், மகளுடையதாக இருக்க வேண்டும். பாபு படிக்கக் கொடுத்தார். எனக்கு ஹிந்தி பேச்சு தண்ணீர்பட்ட பாடு, படிப்பு நிதானமாகத்தான் வரும். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

நான் எதுவும் செய்யவில்லை. உப்பு நத்தைக்குப் போட்டது. அந்த மரத்தின் கழுத்தில் கயிறு பட்டைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. இப்போது வெட்டி எடுத்தால் பிழைக்கலாம். நான் சொன்னால் அவர் கேட்க மாட்டார். அலுவலகத்திலிருந்து யாராவது போய்ச் சொன்னால் கேட்பார். மே மாதக் காற்றுக்கு முன்னால் சொல்லிவிடவும்.

இவ்வளவுதான். தேதி பார்த்தேன். மரம் விழுவதற்கு இரண்டு மாதம் முன்னால் எழுதியது. தன் வேலைக்கு உலை வைத்த ஒரு காகிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தவர், நாலு வரியில் ஒன்றரை வரிதான் தனக்காக எழுதியிருந்தார். மற்றதெல்லாம் என் மரத்துக்காக. பாபு கோப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மரத்தைப் பற்றிச் சொல்வது எங்கள் வேலை இல்லையே என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. பக்கத்துக்காரர் என் கேட்டில் வந்து நின்றபோது அதைக் கேட்டிருக்க வேண்டியது என் வேலை.

தவறான புரிதலால் கொடுத்த புகாரை வாபஸ் பெறுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் ஜெராக்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்குப் போனேன். அன்று அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை, வாசலில் உட்கார்ந்து வாளியில் மண் கிளறிக்கொண்டிருந்தார். நீட்டினேன். மன்னித்துவிடுங்கள் என்று கேட்டதாக நினைவு. கேட்க நினைத்ததாகவும் இருக்கலாம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இதுல நான் செய்யலன்னு எங்க இருக்கு?"

வாபஸ் என்று இருக்கிறதே என்றேன்.

"வாபஸ்னா நீங்க எரக்கப்பட்டு விட்டுட்டீங்கன்னுதான் படிப்பாங்க. தோட்டத்துல மருந்து திருடினவன்னு பேரு எம்மேலயே நிக்கும். கயிறு யாரு கட்டினதுன்னு எழுதணும். நான் எழுதிக் குடுத்துட்டேன், அது செல்லாது. நீங்க எழுதினாத்தான் செல்லும்."

எனக்குக் கோபம் வந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், கோபம்தான் வந்தது. வீடு தேடி வந்து தலைகுனிந்து நிற்கிறேன், இவன் எனக்கே வாசகம் எழுதித் தருகிறானா என்று. அந்த அலுவலகத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். கப்பல் முடிச்சு நிபுணர் தன் மரத்தின் கழுத்தைத் தானே நெரித்தார் என்று சாயங்காலத்துக்குள் துறைமுக ஜெட்டி வரைக்கும் பரவிவிடும். இதற்குள் வேறு ஏதோ உள்நோக்கம் இருக்கிறது, கையில் எழுதி வாங்கிக்கொண்டு என்மேல் வழக்குப் போடப்போகிறான் என்றுகூடத் தோன்றியது. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அடிமரத்தில் அந்தக் கயிற்றை வெட்டி எடுக்கப் பார்த்தேன், முழுதாக வரவில்லை. தென்னை நார்க்கயிறாக இருந்திருந்தால் ஒரு மழையில் இற்று அறுந்து விழுந்திருக்கும், மரம் அதன் பாட்டுக்குப் பருத்திருக்கும். மட்டமான கயிறு போதும் என்கிற இடத்தில் உலகத்திலேயே நல்ல கயிறாகத் தேடிக் கட்டியிருக்கிறேன். மூன்றாம் நாள் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு மறுபடியும் அவர் வாசலுக்குப் போனேன். அவர் மனைவி ஸ்டூல் எடுத்துப் போட்டாள். அதில் தாளை வைத்து, நின்றுகொண்டே எழுதினேன்.

மரத்தில் கயிறு கட்டியது நான். அவிழ்க்காமல் விட்டது நான். மரம் செத்ததும் முறிந்ததும் அதனால்தான். மருந்து எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை, அது என் கற்பனை. இவர் குற்றமற்றவர். இந்த அளவில் எழுதிவிட்டு, இவர் என்னை முன்பே எச்சரித்தார், நான் கேட்கவில்லை என்று இன்னொரு வரி சேர்க்கட்டுமா என்று கேட்டேன். சேர்த்தால் அவருக்கு நல்லது என்று உண்மையாகவே நினைத்தேன்.

"அது வேணாம்" என்றார். "அது ஆபீசுக்குத் தேவைப்படாது."

அவர் படித்துப் பார்த்துத் தலையாட்டிய பிறகு, இருவரும் ஒரே பஸ்ஸில் போய் அதைக் கொடுத்தோம். பஸ்ஸில் இடம் இருந்தது. அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால்.

லிஸ்ட் ஜூன் மாதம் வரவேண்டியது, ஆகஸ்ட்டில் வந்தது. அதற்கு என் கடிதங்கள் காரணமா, வழக்கமான தாமதமா என்று யாரும் சொல்லவில்லை. அந்த இரண்டு மாதமும் நான் தூங்கிய தூக்கம் எனக்குத்தான் தெரியும். வந்த லிஸ்ட்டில் அவர் பெயர் இருந்தது. அன்று சாயங்காலம் அவரே ஒரு டப்பாவில் மைசூர்பாகு வைத்துக்கொண்டு வரிசையாக எல்லா வீட்டுக்கும் கொடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் கேட்டுக்கு வருவாரா மாட்டாரா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார். நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தேன்.

"ஆர்டர் வந்திருச்சு சார்" என்றார். "எடுத்துக்குங்க சார்."

ரொம்ப சந்தோஷம் என்றேன். உள்ளே வந்து காபி சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றேன். இன்னும் நாலு வீடு பாக்கி இருக்கிறது சார் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார். கையில் மைசூர்பாகோடு அங்கேயே நின்றிருந்தேன். அடுத்த வீடு ஒரு வங்காளிக் குடும்பத்துடையது, அவர்கள் பேச்சில் அண்ணனுக்குத் தாதா. கேட்டைத் தட்டி, "தாதா, மிட்டாயி லேலோ" என்று அவர் சிரித்துக்கொண்டே கூப்பிடுவது இங்கே வரைக்கும் கேட்டது.